வந்தியத்தேவனும் மாமல்லனும்

காட்பாடியிலிருந்து ராணிப்பேட்டை போகும் வழியில் திருவல்லம் வந்தாலே எனக்கு வந்தியத்தேவன் ஞாபகம்தான். 'பொன்னியின் செல்வன்' நாவலில் கல்கி அவனை வல்லத்து வாணர் குலத்து வீரனாகப் படைத்தார். எங்கள் பக்கத்துப் பையன் என்ற பாசம் எனக்கு எப்போதும் உண்டு. ஆள்வதற்கு ஒரு பிடி மண் கிடையாது. ஆனாலும் தன்னை யாருக்கும் குறைந்தவனாக அவன் நினைப்பதில்லை. இளவரசி குந்தவையிடமும் சரி, படகோட்டும் பூங்குழலியிடமும் சரி, பயமில்லாமல் பேசுகிறான். முதுகில் குத்தியவன் என்று நண்பன் கந்தமாறனே பழி சுமத்துகிறான். அந்த இடத்தை எத்தனை முறை படித்தாலும் மனசு கனத்துப் போகிறது.

கல்கியின் இன்னொரு நாவலான 'சிவகாமியின் சபதம்' தந்த மாமல்லன் வேறு மாதிரி. பல்லவ இளவரசன் என்ற நினைப்பே அவனுக்குச் சுமை. சிற்பி மகள் சிவகாமியை உயிராக நேசிக்கிறான், ஆனால் அரச கடமை குறுக்கே நிற்கிறது. சிவகாமியின் சபதத்துக்காக சாளுக்கியர் தலைநகர் வாதாபியை எரிக்கிறான். அதற்குள் பாண்டிய இளவரசியை மணந்தும் விடுகிறான். அதை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. தளபதி பரஞ்சோதியோடு அவனுக்கு உள்ள நட்பு மட்டும் அழகு.

எழுத்தில் மாமல்லன்தான் மூத்தவன், 1940களின் தொடர். வந்தியத்தேவன் 1950இல் வந்தான். புதிதாகப் படிக்க வருகிறவர்கள் கையில் நான் வந்தியத்தேவனைத்தான் முதலில் கொடுப்பேன். அப்புறம் மாமல்லன்.