ஹெட்லைட் எரிகிறது, செல்ஃப் எடுக்கவில்லை: பார்ட்டை மாற்றச் சம்மதிக்கும் முன் இதைப் படியுங்கள்

சாவியைத் திருப்பினால் டாஷ்போர்டு விளக்குகள் எல்லாம் எரிகின்றன, ஹாரன் கத்துகிறது, பாட்டும் ஓடுகிறது. ஸ்டார்ட் செய்யப் போனால் மட்டும் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இந்தக் கோளாறோடு மதுரையில் ஒரு மல்டி பிராண்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போனதில் எனக்கு 20,000 ரூபாய்க்கு மேல் போய்விட்டது. கடைசியில் பழுது இருந்தது எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவே போகும் ஒரு எர்த் வயரில், அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழியில். அதன் விலை 300 ரூபாய்.

நடந்தது இதுதான். முதலில் பார்த்த பையன் பானெட்டைத் திறந்ததுமே "பேட்டரி போயிடுச்சு சார்" என்றான். மீட்டர் எதுவும் வைக்கவில்லை. புது பேட்டரி 4,800 ரூபாய். வாரண்டி கார்டு கேட்டதற்கு "அப்புறம் தர்றோம்" என்றார்கள், இன்றுவரை வரவில்லை. பழைய பேட்டரியையும் அவர்களே வைத்துக்கொண்டார்கள். அதற்கு எக்ஸ்சேஞ்ச் விலை உண்டு, ஆனால் பில்லில் ஒரு ரூபாய்கூடக் கழிக்கவில்லை.

அடுத்த வாரமே மறுபடியும் அதே 'டக்'. இந்த முறை எஞ்சினைச் சுற்றி ஸ்டார்ட் செய்யும் செல்ஃப் மோட்டார் என்றார்கள். மோட்டார் 8,500, லேபர் 1,200. பில்லில் 'புதியது' என்றே எழுதியிருந்தார்கள். மாட்டியதும் வண்டி எடுத்தது, கொஞ்ச நாள் நன்றாகவும் ஓடியது. பிறகு திரும்ப நின்றது. உடனே ஸ்கேனரை மாட்டி 750 ரூபாய் வாங்கிக்கொண்டு, "இசிஎம் போர்டு போச்சு சார், 32,000 ஆகும், 5,000 அட்வான்ஸ் குடுங்க" என்றார்கள். இசிஎம் என்றால் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர். அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, போர்டு வரும்வரை வண்டியை டோ செய்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

பக்கத்துத் தெருவில் ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒருவர் இருக்கிறார். தகரக் கொட்டகை, ஒரு மல்டிமீட்டர், அதுதான் அவர் கடை. அவர் முதலில் செய்தது, ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு என்னைச் சாவியைத் திருப்பச் சொன்னதுதான். லைட் மங்கவே இல்லை. "செல்ஃபுக்குக் கரண்டே போகலண்ணே" என்றார்.

எனக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது. ஒரு ஹெட்லைட் பல்புக்கு 5 ஆம்பியர் பக்கம் போதும். செல்ஃப் மோட்டார் எஞ்சினைச் சுற்ற 100 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். மோட்டார் அவ்வளவு இழுத்தால் லைட் கொஞ்சமாவது மங்கியே ஆக வேண்டும். திருப்பியதும் லைட் ஒரேயடியாகச் செத்துப்போனால் பேட்டரி பலவீனம், அல்லது பேட்டரி டெர்மினலில் அரிப்பு ஏறிப் பூ பிடித்திருக்கிறது. 'டக டக டக' என்று தொடர்ந்து அடித்தாலும் பெரும்பாலும் அதே கதைதான். லைட் பிரகாசமாகவே நின்றால் வழியில் எங்கோ தடை: ரிலே, சாவி சுவிட்ச், செல்ஃபுக்குக் கரண்டைத் திறந்துவிடும் சொலினாய்டு, எர்த் வயர், சில வண்டிகளில் கிளட்ச் சுவிட்ச். செல்ஃப் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால் அது வேறு விவகாரம். பெட்ரோல் பம்ப், கிராங்க் சென்சார், இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் ஸ்டார்ட் ஆகவிடாத பூட்டு) என்று பார்க்க வேண்டும்.

அண்ணன் அடுத்து மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றை எஞ்சின் உலோகத்திலும் வைத்து மறுபடி சாவியைத் திருப்பச் சொன்னார். அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டிய இடத்தில் 10 வோல்ட்டுக்குப் பக்கம் காட்டியது. செல்ஃபுக்குப் போக வேண்டிய மின்சாரம் முழுக்க அந்த எர்த்திலேயே மாட்டிக்கொள்கிறது என்று அர்த்தம். உறுதி செய்துகொள்ள, நெகட்டிவிலிருந்து எஞ்சினைத் தூக்கும் கொக்கிக்கு ஒரு ஜம்பர் கேபிள் போட்டார். ஒரே திருப்பலில் வண்டி எடுத்தது.

கியர்பாக்ஸ் பக்கம் இருந்த எர்த் வயரைக் கழற்றிக் காட்டினார். உறைக்குள்ளே செம்பு முழுக்கப் பச்சை பூத்து, சில இழைதான் மிச்சம். செல்ஃபை மாற்றும்போது அதை அசைத்திருப்பார்கள், அதனால்தான் சில நாள் தொடுப்பு கிடைத்து ஓடியிருக்கிறது என்றார். அந்தப் 'புது' செல்ஃபையும் டார்ச் அடித்துக் காட்டினார். மேலே பளபளவென்று வெள்ளிப் பெயிண்ட், போல்ட் துளைக்குள் பழைய துரு. ரீகண்டிஷன் செய்ததை எனக்குப் புது விலைக்கு விற்றிருக்கிறார்கள். என் பழைய மோட்டாரும் இந்நேரம் பெயிண்ட் பூசிக்கொண்டு வேறு யார் வண்டியிலோ ஏறியிருக்கும்! வயரும் கூலியும் சேர்த்து அண்ணன் வாங்கியது 550.

தெரியாமல் தப்பாகக் கணித்தார்கள் என்றால் மன்னிக்கலாம். மீட்டரே வைக்காமல் மூன்று பார்ட் சொன்னதையும், பழையதைப் புதியது என்று பில் போட்டதையும் அப்படிக் கடந்துபோக முடியாது. ஆகவே எந்தக் கடையானாலும் பேட்டரி எத்தனை வோல்ட், சாவியைத் திருப்பும்போது எத்தனை என்று கேளுங்கள். சும்மா நிற்கும்போது 12.6 பக்கம் இருந்து, செல்ஃப் சுற்றும்போது 10-க்குக் கீழே போகாத பேட்டரியை மாற்றத் தேவையில்லை. கழற்றிய பார்ட்டைக் கையில் தரச் சொல்லுங்கள். "ஸ்கிராப்புல போட்டாச்சு" என்ற பதிலை ஏற்காதீர்கள், அது உங்கள் பொருள்.

வயர் படத்தோடு போய்க் கேட்டபோது ஒர்க்‌ஷாப் முதலாளி, "வண்டிக்கு வயசாச்சு சார், ஒண்ணு போனா ஒண்ணு போகத்தான் செய்யும்" என்றார். போர்டு ஆர்டர் போட்டாச்சாம், அட்வான்ஸ் திரும்பாதாம். ஆர்டர் போட்ட ரசீதைக் காட்டச் சொன்னேன், காட்டவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். அது பலிக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். செல்ஃப் பில்லும் அட்வான்ஸ் ரசீதும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. பேட்டரிக்குத் துண்டுச்சீட்டில்தான் எழுதிக் கொடுத்தார்கள், அதை எப்படிச் சேர்ப்பது என்று ஒரு வக்கீலிடம் கேட்டிருக்கிறேன்.