ரிச்மண்டுக்கு ரயிலா, படகா?

லண்டனின் தென்மேற்கே தேம்ஸ் கரையில் உள்ள ரிச்மண்டை ஒரே நாளில் பார்த்துத் திரும்ப நினைப்பவர்கள், எப்படிப் போவது என்பதை முதலில் முடிவுசெய்துகொள்வது நல்லது. வாட்டர்லூ நிலையத்திலிருந்து விரைவு ரயிலில் ஏறினால் ஏறத்தாழ 20 நிமிடங்களில் போய்ச் சேரலாம். லண்டன் சுரங்க ரயிலின் டிஸ்ட்ரிக்ட் தடமும் அங்கு வந்து முடிகிறது.

வெஸ்ட்மின்ஸ்டர் துறையிலிருந்து புறப்படும் படகு கோடைக்காலத்துக்கே உரியது; கியூ தோட்டத்தைக் கடந்து ரிச்மண்டை அடைய இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகலாம். கடல் ஓதம் ரிச்மண்டுக்கும் மேலே ஆற்றில் உள்ள டெடிங்டன் வரை ஏறி இறங்குவதால், படகின் நேரம் நீர்மட்டத்தைப் பொறுத்து மாறக்கூடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெருவோதத்தில் ரிச்மண்டின் கரையோரப் பாதையே மூழ்கி, அங்கே நிறுத்திய கார்களின் சக்கரங்கள் தண்ணீரில் நிற்பதும் உண்டு (உள்ளூர்க்காரர்கள் அங்கே வண்டியை விடமாட்டார்கள்).

1637இல் முதலாம் சார்லஸ் மன்னர் வேட்டைக்காக மதில் எழுப்பி வளைத்த, சுமார் 955 ஹெக்டேர் பரப்புள்ள ரிச்மண்ட் மான் பூங்காவில் நிதானமாக நடக்க விரும்புவோருக்கு ரயிலே சரி. படகில் போனால் பாதிப் பகல் ஆற்றிலேயே கழிந்துவிடும். ஆறுதான் முக்கியம் என்பவர்கள் போகும்போது படகிலும் திரும்பும்போது ரயிலிலும் வரலாம். மாலையில் கடைசிப் படகைப் பிடிக்க ஓட வேண்டியிராது.