ஜோசப் ரைட்டின் ரோமத் தொப்பிப் படம்: நான் வாங்கிய இரண்டு பிரிண்டுகள்

வரையும் மேசைக்கு மேலே மாட்ட ஒரு பிரிண்ட் தேடினேன். ஒன்றைத் திருப்பி அனுப்பிவிட்டு, இன்னொன்றை வாங்கி வைத்திருக்கிறேன். இங்கிலாந்தில் டார்பி ஊர்க்காரரான ஓவியர் ஜோசப் ரைட், ரோமத் தொப்பி போட்டுக்கொண்டு தன்னையே வரைந்துகொண்ட படம் அது. 1765-க்கும் 1768-க்கும் நடுவில் வரைந்தது. அப்போது அவருக்கு முப்பது வயது தாண்டிச் சில ஆண்டுகள்தான். மூலப்படம் சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிட்யூட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அது பேஸ்டலில், அதாவது நிறப்பொடிக் குச்சியால், தாளில் வரைந்த படம். பேஸ்டல் படங்களை வருடம் முழுக்கச் சுவரில் மாட்டி வைக்க மாட்டார்கள், வெளிச்சம் ஆகாது. போன வருடம் முன்கூட்டியே எழுதிக் கேட்டு, தாளில் வரைந்த படங்களைக் காட்டும் படிப்பறையில் போய்ப் பார்த்தேன். கறுப்பும் வெள்ளையும்தான், வேறு நிறமே கிடையாது. தாள் மட்டும் நீலம் கலந்த சாம்பல். முதல் பார்வையில் முகத்தில் ஏழெட்டு விதச் சாம்பல் பூசியிருப்பதுபோல் இருந்தது. குனிந்து பார்த்தபோதுதான், நடுத்தர நிழல் என்று நான் நினைத்த பல இடங்களில் தாள்தான் தெரிகிறது என்று புரிந்தது. கறுப்பு ஒரு பக்கமிருந்து வருகிறது, வெள்ளை மறுபக்கமிருந்து வருகிறது, நடுவில் தாளை அப்படியே விட்டுவிட்டார். பதினைந்து வருடமாகப் பிள்ளைகளுக்குப் பேஸ்டல் சொல்லிக்கொடுக்கிறேன். இவ்வளவு தைரியமாக நான் ஒருநாளும் விட்டதில்லை.

லண்டனில் தாமஸ் ஃப்ரை என்பவர் 1760-லிருந்து 1762 வரை மெசோடின்ட் என்ற செப்புத் தகட்டு அச்சு முறையில் பெரிய பெரிய தலைகளை அச்சிட்டு வெளியிட்டார். ரைட் அவற்றைப் பார்த்துக் கற்றவர். மெசோடின்டில் செப்புத் தகடு முழுவதையும் முதலில் சொரசொரப்பாக்குவார்கள். அப்படியே அச்சிட்டால் வெறும் கறுப்புதான் வரும். வெளிச்சம் வேண்டிய இடத்தை மட்டும் தேய்த்துத் தேய்த்து எடுப்பார்கள். இருட்டுக்குள்ளிருந்து முகம் வெளியே வருகிற அந்த வித்தையைத்தான் ரைட் பேஸ்டலில் செய்திருக்கிறார். 1768-இல் அவர் வரைந்த, காற்றுப் பம்பில் பறவையை வைத்துச் செய்யும் சோதனையைக் காட்டும் படத்தில் விளக்கைச் சுற்றி நிற்கும் முகங்களிலும் அதே இருட்டு, அதே வெளிச்சம்.

இனி பிரிண்ட். முதலில் ஆன்லைனில் ஒரு கடையில் 18 டாலருக்கு வாங்கினேன். வழவழப்பான போட்டோ தாள். பேஸ்டல் என்பது நிறப்பொடி. பிசின் மிகக் கொஞ்சம்தான் சேர்ப்பார்கள், அதனால் பொடி தாளின் சொரசொரப்பில் ஒட்டி உட்கார்ந்திருக்கும். அதில் மினுமினுப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. இந்த பிரிண்டிலோ தொப்பியின் கறுப்பில் என் அறை ஜன்னல் தெரிந்தது! அதைவிட மோசம், தாளின் நீலத்தைக் கழுவி எடுத்துவிட்டுச் சுத்தக் கறுப்பு வெள்ளையாக்கியிருந்தார்கள். நீலம் போனதும் முகத்தில் உயிர் போய்விட்டது. பணத்தைத் திருப்பித் தந்தார்கள், ஆனால் மூன்று வாரம் அலையவிட்டார்கள்.

இரண்டாவதை எங்கள் தெருமுனையில் இருக்கும் சின்ன அச்சகத்தில் போட்டேன். நூறு சதவீதப் பருத்தித் தாள், மேட் (மினுமினுப்பு இல்லாதது), ஏ3 அளவு, 46 டாலர். மூலத்தின் அளவும் ஏறக்குறைய 42 செ.மீ. உயரம், 30 செ.மீ. அகலம். அதாவது ஏ3 எடுத்தால் ரைட் வரைந்த அளவிலேயே கிடைக்கும். நீலச் சாம்பல் சரியாக வரும்வரை அச்சகத்து அண்ணன் மூன்று முறை சிறு துண்டுகளில் அச்சிட்டுக் காட்டினார். ஒரே குறை, ரோமத்தின் ஆழமான கறுப்பு கொஞ்சம் வெளுத்து வந்திருக்கிறது. பருத்தித் தாளில் அது அப்படித்தான் இருக்கும் என்றார். வெல்வெட் மாதிரியான அந்தக் கறுப்பை எதிர்பார்ப்பவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம். கண்களும் நெற்றியும் சரியாக வந்ததால் எனக்கு முழுத் திருப்தி.

ஃப்ரேம் போடும்போது கண்ணாடி தாளில் ஒட்டாதபடி மவுண்ட், அதாவது படத்தைச் சுற்றி வரும் அட்டை, வைக்கச் சொல்லுங்கள். காசு மிச்சம் என்று ஏ4-க்குப் போகாதீர்கள். அந்த அளவில் நெற்றியில் விட்டிருக்கும் தாள் கண்ணுக்கே தெரியாது, வெறும் போட்டோ மாதிரி ஆகிவிடும்.