நாற்பத்தாறில் விஆர்எஸ்: என்பிஎஸ்ஸா, யுபிஎஸ்ஸா?

மருந்து கேட்டு எழுதும் இன்டென்ட் தாளின் பின்பக்கம் நடுவில் ஒரு கோடு. இடது பக்கம் என்பிஎஸ், சந்தையில் போட்ட பணம் தருவதை வாங்கும் பென்ஷன் திட்டம். வலது பக்கம் யுபிஎஸ், சம்பளத்தில் இவ்வளவு என்று உத்தரவாதம் உள்ள புதிய திட்டம். டில்லியில் ஒரு மத்திய அரசு மருத்துவமனை வார்டில், நைட் டியூட்டி மூன்றரை மணிக்கு என் பேட்ச் தோழி போட்ட கோடு. 2006 ஜூனில் ஒரே வாரத்தில் நர்ஸாகச் சேர்ந்தவர்கள் நாங்கள். அவள் நாகர்கோவில், நான் அம்பாசமுத்திரம். இருவருக்கும் வயது 46. அவளுக்கு ஊரில் படுத்த படுக்கையாக அம்மா. எனக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டது. வரும் ஜூனோடு சர்வீஸ் இருபது வருஷம்.

“ஏட்டி, எழுதிக் கொடுத்துட்டு ஊருக்குப் போயிரலாமா?” என்றாள்.

போகலாம். இருபது வருஷம் முடித்தவர் மூன்று மாத நோட்டீஸ் கொடுத்து விஆர்எஸ்ஸில், அதாவது விருப்ப ஓய்வில், போகலாம் என்பது இரண்டு திட்டத்துக்கும் பொது. போன பிறகு மாதாமாதம் கைக்கு என்ன வரும், எப்போதிலிருந்து வரும் என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன. அவள் போன வருஷம் யுபிஎஸ்ஸுக்கு மாறியவள். நான் என்பிஎஸ்ஸிலேயே இருந்துவிட்டேன்.

எங்களுக்கு மூன்று வருஷம் முன்னால் சேர்ந்த ஒரு சேச்சி போன வருஷம் விஆர்எஸ்ஸில் போனார். 2004 ஜனவரி 1க்கு முன் வேலைக்கு வந்தவர் என்பதால் பழைய பென்ஷன். கடைசி அடிப்படைச் சம்பளத்தில் பாதி, அதற்கு மேல் பஞ்சப்படி, போன மறுநாளிலிருந்தே கணக்கு ஓட ஆரம்பித்துவிட்டது. சம்பளத்தில் பென்ஷனுக்கென்று ஒரு ரூபாய் பிடித்தம் இருந்ததில்லை. அந்தக் கதவு எங்களுக்கு இல்லை. 2003 டிசம்பர் 22க்கு முன் அறிவிக்கப்பட்ட காலியிடத்தில் தாமதமாகச் சேர்ந்தவர்களுக்கு 2023ல் ஒரு வாய்ப்பு கொடுத்தார்கள். எங்கள் பேட்ச் அதிலும் வராது. சேச்சியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டு எங்கள் தாளுக்கு வந்தோம்.

கணக்குக்கு வசதியாக அடிப்படைச் சம்பளம் 80,000, டிஏ (பஞ்சப்படி) 58 சதவீதம் என்று வைத்துக்கொண்டோம். இரண்டும் சேர்ந்து 1,26,400. இரண்டு திட்டத்திலும் நம்மிடம் பிடிப்பது பத்து சதவீதம், 12,640 ரூபாய். என்பிஎஸ்ஸில் அரசு 14 சதவீதம், அதாவது 17,696 ரூபாய், நம் பெயரில் உள்ள பென்ஷன் கணக்கிலேயே போடுகிறது. யுபிஎஸ்ஸில் நம் கணக்குக்கு வருவது அரசின் பத்து சதவீதம் மட்டும். இன்னொரு எட்டரை சதவீதம் பொது நிதிக்குப் போகிறது. உத்தரவாத பென்ஷனைத் தாங்குவது அது. ஆக அரசு மொத்தமாகப் பதினெட்டரை கொடுத்தாலும், நம் பெயரில் சேர்வதில் மாதம் 5,056 ரூபாய் குறைவு. இதைப் பறிப்பு என்று வாதாடுகிறவர்கள் உண்டு. எனக்கு அது பிரீமியம் மாதிரிதான் தெரிகிறது. அந்தப் பிரீமியத்துக்கு என்ன பாலிசி கிடைக்கிறது என்பதுதான் கேள்வி.

கிடைப்பது இது: அறுபதில் ஓய்வு பெறும்போது 25 வருஷம் முடித்திருந்தால், கடைசிப் பன்னிரண்டு மாதச் சராசரி அடிப்படைச் சம்பளத்தில் பாதி மாதாமாதம். அதற்கு மேல் பஞ்சப்படி. இறந்தால் கணவனுக்கோ மனைவிக்கோ அதில் 60 சதவீதம். பத்து வருஷம் இருந்து ஓய்வு பெற்றாலே குறைந்தது 10,000. அறுபது வரை வார்டில் நிற்கப்போகிறவருக்கு இதைவிட நிம்மதி இப்போது வேறு எதிலும் இல்லை. அதிலும் முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு வயதில் அரசு வேலைக்கு வந்த சிஸ்டர்களுக்கு இது பழம் நழுவிப் பாலில் விழுந்த கதை. 25 வருஷத்துக்கு மேல் எத்தனை வருஷம் உழைத்தாலும் சதவீதம் கூடாது என்பதால், தாமதமாக வந்தவருக்கு அதிக வருஷம் வீணாவதில்லை.

எங்கள் கதை வேறு. அறுபது வர இன்னும் பதினான்கு வருஷம்.

யுபிஎஸ்ஸில் விஆர்எஸ் எடுத்தால் இருபது வருஷத்துக்கு 25ல் 20 பங்கு கிடைக்கும். பாதிச் சம்பளமான 40,000க்கு 32,000. தோழி முதலில் இதை எழுதி வட்டம் போட்டாள். பிறகுதான் அடுத்த வரியைப் படித்தோம்: அது வரத் தொடங்குவது, வேலையில் இருந்திருந்தால் எந்த நாளில் ஓய்வு பெற்றிருப்போமோ அந்த நாளிலிருந்து. அதாவது 2040ல். நடுவில் பதினான்கு வருஷம் மாதப் பென்ஷன் ஒரு பைசா கிடையாது. பஞ்சப்படியும் பென்ஷன் வர ஆரம்பித்த பிறகுதான். 25 முடித்துவிட்டுப் போனாலும் இதே கதைதான். பங்கு முழுசாகுமே தவிர தேதி முன்னால் வராது.

வெறுங்கையோடு அனுப்புவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு ஆறு மாத சர்வீஸுக்கும் சம்பளமும் டிஏவும் சேர்ந்ததில் பத்தில் ஒரு பங்கு மொத்தமாகக் கொடுப்பார்கள். நாற்பது அரையாண்டுக்கு 5,05,600 ரூபாய். கணக்கில் இருப்பதில் 60 சதவீதம் வரை எடுக்கலாம். ஆனால் எடுத்த அளவுக்குப் பென்ஷன் இறங்கும். அந்த 60 சதவீதத்தையும் எடுத்தால் 32,000 என்பது 12,800 ஆகிவிடும், அதுவும் பதினான்கு வருஷம் கழித்து. மகள் படிப்புக்கென்று முன்பே கொஞ்சம் எடுத்துத் திருப்பிக் கட்டாதவர்களுக்கும் இதே விகிதக் கத்திரி உண்டு.

என்பிஎஸ் பக்கம் வந்தால் படம் தலைகீழ். உத்தரவாதம் என்று ஒன்றுமே இல்லை, சந்தை கொடுப்பதுதான். ஆனால் இருபது வருஷம் முடித்து விஆர்எஸ்ஸில் போகிற அரசு ஊழியருக்கு, அறுபதில் ஓய்வு பெற்றவருக்குக் கிடைக்கும் அதே வழி உடனே திறக்கிறது. 60 சதவீதம் வரை வரியில்லாமல் கையில், குறைந்தது 40 சதவீதத்துக்கு ஆன்யுட்டி, அதாவது இன்சூரன்ஸ் கம்பெனியிடம் மொத்தமாகக் கொடுத்து மாதாமாதம் வாங்கும் பணம். கணக்கில் 50 லட்சம் இருந்தால் 30 லட்சம் கைக்கு. மீதி 20 லட்சத்துக்கு ஆன்யுட்டி ஆறரை சதவீதம் என்று வைத்தால் மாதம் 10,800 சொச்சம். இது பஞ்சப்படி ஏறாத பணம். 2040லும் அதே 10,800தான். அப்போது அதன் மதிப்பு எவ்வளவு என்று நினைத்தால் பயமாகத்தான் இருக்கிறது. உடனே வேண்டாமென்றால் பணத்தை எடுக்காமல் கணக்கைத் தொடரவும் வழி இருக்கிறது. நான் அப்படிச் செய்துவிட்டு ஊரில் தனியார் மருத்துவமனை ஒன்றில் பகல் டியூட்டி மட்டும் பார்ப்பதாக யோசித்திருக்கிறேன்.

கிராஜுவிட்டி இரண்டிலும் ஒன்றே, இருபது வருஷத்துக்குப் பத்து மாதச் சம்பளம், எங்கள் கணக்கில் 12,64,000. விடுப்புச் சம்பளமும் அப்படியே. அந்த வரிகளில் அதிக நேரம் செலவழிக்கவில்லை.

வாரிசு விஷயத்தில் மட்டும் இன்னொரு கோடு போட்டோம். யுபிஎஸ்ஸின் குடும்பப் பென்ஷன் சட்டப்படியான கணவன் அல்லது மனைவிக்குத்தான். விஆர்எஸ்ஸில் போய் அறுபது வருமுன் இறந்தாலும் இறந்த நாளிலிருந்து அவருக்கு வரும், நல்ல விஷயம். இருவரும் போன பிறகு பிள்ளைகளுக்கு அந்தக் கணக்கிலிருந்து ஒன்றும் மிஞ்சாது. என்பிஎஸ்ஸில் கொள்முதல் தொகை வாரிசுக்குத் திரும்பும் வகை ஆன்யுட்டியை எடுக்கலாம். எங்கள் வார்டிலேயே கல்யாணம் ஆகாத சிஸ்டர் இருவர், கணவனை இழந்தவர் ஒருவர். அவர்களுக்கு யுபிஎஸ்ஸின் அந்த 60 சதவீதம் வெறும் காகிதம்.

ஆக என் தீர்ப்பு தெளிவானதுதான்: அறுபது வரை இருப்பேன் என்றால் யுபிஎஸ், ஐம்பதுக்குள் போய்விடுவேன் என்றால் என்பிஎஸ். திட்டத்தை முதலில் எடுத்துவிட்டுப் போகும் தேதியைப் பிறகு யோசித்ததுதான் தோழி செய்த தவறு.

ஆனால் அவள் மாட்டிக்கொள்ளவில்லை. என்பிஎஸ்ஸிலிருந்து யுபிஎஸ்ஸுக்கு மாறும் கெடு ஜூன் 30, செப்டம்பர் 30 என்று தள்ளித் தள்ளி 2025 நவம்பர் 30ல் முடிந்துவிட்டது. நான் இனி அந்தப் பக்கம் போக முடியாது. யுபிஎஸ்ஸிலிருந்து என்பிஎஸ்ஸுக்கு ஒரே ஒரு முறை திரும்ப வழி இருக்கிறது. ஓய்வுக்கு ஒரு வருஷம் முன்பு வரை, விஆர்எஸ் என்றால் மூன்று மாதம் முன்பு வரை. விட்டுப்போன நான்கு சதவீதமும் அப்போது சேர்த்துக் கணக்கிடப்படும். விஆர்எஸ் நோட்டீஸும் மூன்று மாதம், திரும்பும் கெடுவும் மூன்று மாதம் என்பதுதான் இதில் பொறி. நோட்டீஸைக் கொடுத்துவிட்டு நிதானமாக மாற்றிக்கொள்ளலாம் என்று இருந்தால் கெடு தாண்டியிருக்கும். மாற்றம் முதலில், நோட்டீஸ் பிறகு.

அக்கவுண்ட்ஸில் கேட்டால் நாளைக்கு வா என்பார்கள். என்னிடம் 2006ல் பிடித்த பணம் கணக்கில் ஏற எத்தனை வருஷம் நடந்தேன் என்பது எனக்குத்தான் தெரியும். அதனால் எல்லாவற்றையும் எழுத்தில் கொடுத்து ரசீது வாங்கு என்றேன்.

மறுநாள் அவள் சர்வீஸ் புக்கை எடுத்துப் பார்த்தோம். 2013ல் சொந்தக் காரணத்துக்காகச் சம்பளமில்லா விடுப்பு, 71 நாள். அவளே மறந்துபோனது. இருபது வருஷக் கணக்கில் அது சேராது. இன்டென்ட் தாளை மடக்கியதிலிருந்து பிரித்து, மேலே எழுதியிருந்த ஜூனை அடித்துவிட்டு செப்டம்பர் என்று எழுதினாள்.