ஆறு வருடம் தாண்டிய கார் பேட்டரி

மதுரை வெயிலில் கார் பேட்டரி நான்கு வருடம் ஓடினாலே நல்ல ஓட்டம் என்பார்கள். எங்கள் சின்ன பெட்ரோல் காரில் 2019இல் போட்ட 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரி இன்னும் ஓடுகிறது. என்னைக் கேட்டால் இதில் பிராண்டுக்குப் பங்கு கொஞ்சம்தான். சார்ஜ் இறங்கிய நிலையில் அதைக் கிடக்க விடாததுதான் முக்கியக் காரணம்.

வாங்கும்போது முதலில் தயாரிப்பு மாதத்தைப் பாருங்கள். கடையில் சும்மா இருந்தாலும் பேட்டரியில் சார்ஜ் இறங்கிக்கொண்டே இருக்கும். மேலே இருக்கும் குறியீடு புரியவில்லையென்றால் கடைக்காரரிடமே கேட்கலாம். மூன்று மாதத்துக்கு மேல் பழசு என்றால் நான் வேறு கேட்பேன். வாரண்டி 55 மாதம் என்று போட்டிருந்தால் எல்லா மாதமும் இலவச மாற்று கிடையாது. பின்பாதியில் விலையில் கழிவு மட்டும்தான். பழைய பேட்டரியை அதே கடையில் எக்ஸ்சேஞ்ச் போடுங்கள். ஈயத்துக்கு விலை உண்டு, ஆசிட்டும் சாக்கடையில் போகாது.

அப்புறம் ஒரு சாதாரண மல்டிமீட்டர் வாங்கி வையுங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் காலையில் 12.6 வோல்ட் காட்டினால் முழுச் சார்ஜ். 12.2 என்றால் பாதிதான். அப்படியே வாரக்கணக்கில் விட்டால் தகடுகளில் சல்ஃபேட் படிந்து இறுகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய பலம் வராது. பேட்டரியைக் கொல்வது பெரும்பாலும் இதுதான். மார்க்கெட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் ஓடும் வண்டியில், செல்ஃப் எடுத்த கரண்டே திரும்பி ஏறாது. அதனால் வாரம் ஒருமுறை அழகர்கோவில் வரைக்குமாவது ஒரு ஓட்டு ஓட்டி வருவோம். 2020 ஊரடங்கில் அதற்கும் வழியில்லை. சின்ன ஆட்டோமேட்டிக் சார்ஜர் ஒன்றுதான் காப்பாற்றியது.

டெர்மினலை அடிக்கடி திறந்து பார்ப்பது நல்ல பழக்கம். பாசிட்டிவ் பக்கம் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால், முதலில் நெகட்டிவைக் கழற்றுங்கள். ஸ்பேனர் தப்பித்தவறி பாடியில் பட்டாலும் ஷார்ட் ஆகாது. மூடிகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டு, ஆப்பச் சோடா கரைத்த வெந்நீரைக் கொஞ்சமாக ஊற்றினால் பூத்ததெல்லாம் நுரைத்துக் கரையும். பழைய டூத் பிரஷால் தேய்த்து, நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, பாசிட்டிவை முதலில் மாட்டுங்கள். கையால் திருகினால் கிளாம்ப் அசையவே கூடாது. மேலே மெல்லிசாக வாசலின் தடவினால் போதும்.

மூடி திறக்கும் வகை என்றால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும், அதுவும் குறித்த கோடு வரைதான். போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். ஆசிட்டும் சேர்க்கக் கூடாது; ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டுமே. தண்ணீர் அடிக்கடி குறைந்தால் இன்ஜின் ஓடும்போது வோல்டேஜ் பாருங்கள். எங்கள் வண்டியில் 14.2 காட்டும். 15ஐத் தொட்டால், ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரை எலக்ட்ரீஷியனிடம் காட்ட வேண்டும்.

இப்போது காலை ரீடிங் 12.4ஐத் தாண்டுவதில்லை, செல்ஃபும் கொஞ்சம் இழுக்கிறது. ஐப்பசி மழைக்கு முன்னால் லோடு டெஸ்ட் செய்யச் சொல்லியிருக்கிறேன். செல்ஃப் அடிக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் மாற்றிவிடுவேன்.