அத்தாய் எடுத்த ஆயுதமா, சமோவா புடிச்ச ஒத்துழையாமையா?

பசிபிக் கடல் தீவான நியூ கலிடோனியால பிரெஞ்சுக் குடியேறிங்களோட மாடுங்க அந்த மண்ணோட பூர்வகுடிகளான கனாக் மக்களோட கிழங்குத் தோட்டத்தையெல்லாம் மிதிச்சு நாசம் பண்ணுச்சு, நிலமும் கைவிட்டுப் போச்சு, அதான் 1878ல தலைவர் அத்தாய் ஆயுதம் எடுத்தாரு. சுமார் 200 ஐரோப்பியர் செத்தாங்க, கனாக் பக்கம் அதவிட பல மடங்கு. பிரெஞ்சுக்காரங்க கூட சேந்த இன்னொரு கனாக் கூட்டமே அவரக் கொன்னுச்சு, தலைய பாரிஸுக்கு அனுப்பிட்டாங்க, திரும்பி வந்தது 2014லதான், எவ்ளோ கொடுமை பாருங்க.

அதே பசிபிக்ல நியூசிலாந்து ஆட்சில இருந்த சமோவால வேற ரூட். 1918ல நியூசிலாந்து நிர்வாகம் நோயோட வந்த கப்பலத் தடுக்காததால ஃப்ளூ பரவி அஞ்சுல ஒருத்தர் போயிட்டாங்க, அந்தக் கோபம் ஆறவே இல்ல. அந்த ஆட்சிய எதிர்த்த சமோவா மக்களோட மாவ் இயக்கம் வரி கட்டல, வெள்ளைக்காரங்க கடைய பாய்காட் பண்ணுச்சு. 1929 டிசம்பர் 28ல தலைநகர் ஆபியால நடந்த ஊர்வலத்துல போலீஸ் சுட்டுச்சு, அமைதியா இருங்கன்னு கத்தின தலைவர் தமசேசேவுக்கே குண்டு பட்டுச்சு, மறுநாள் இறந்துட்டாரு, அப்பவும் அவங்க பழிவாங்கப் போகல. 1962ல விடுதலை.

எனக்கு சமோவா வழிதான் புடிக்கும், ஆனா அங்க பெரும்பாலான நிலம் ஊர்க்காரங்க கையிலயே இருந்துச்சு, அத்தாய்க்கு அதுகூட இல்லயே.