வெஸ்ட்வேர்ல்டா, 12 மங்கீஸா? எங்கள் வீட்டு ஹாலில் நடந்த வழக்கு

பழைய விஞ்ஞானப் புனைவுப் படம் ஒன்றைக் கையில் எடுத்து, நீட்டித் தொடராக்குவது அமெரிக்கத் தொலைக்காட்சிக்குப் புதிதில்லை. அப்படி வந்தவற்றில் எங்கள் சுற்றத்தில் அதிகம் வாய்ச்சண்டை நடந்தது இரண்டைப் பற்றி. 1973இல் மைக்கேல் கிரைட்டன் எழுதி இயக்கிய, மனிதரைப் போன்ற ரோபோக்கள் நிறைந்த உல்லாசப் பூங்காவின் கதையான 'வெஸ்ட்வேர்ல்ட்', 2016இல் எச்பிஓவில் தொடராக வந்தது. 1995இல் டெரி கில்லியம் எடுத்த, கொள்ளைநோய் அழித்த எதிர்காலத்திலிருந்து ஒருவனைக் கடந்த காலத்துக்கு அனுப்பும் கதையான '12 மங்கீஸ்', 2015இல் சைஃபை சேனலில் தொடராக வந்தது. ஒன்றை முழுதாகவும் மற்றதை முக்கால்வாசிக்கு மேலும் பார்த்திருக்கிறேன். எதைத் தொடங்கலாம் என்று யாராவது கேட்டால் 12 மங்கீஸ் என்றுதான் சொல்கிறேன். அக்கரைப்பற்றில் இருக்கும் என் கூட்டாளிக்கு இதைக் கேட்டாலே கோபம் வரும். அவன் வெஸ்ட்வேர்ல்ட் கட்சி.

காசு, காட்சி, நடிப்பு என்று எடுத்தால் அவன் கட்சிதான் வெல்லும், அதில் பேச்சே இல்லை. அந்தோனி ஹொப்கின்ஸ் கதிரையில் சாய்ந்திருந்து குரலை உயர்த்தாமல் பேசுவதைக் கேட்கவே அந்தத் தொடரைப் பார்க்கலாம். தானாக வாசிக்கும் பியானோவை வைத்து ரமின் ஜவாதி செய்த இசையும் அப்படித்தான். 12 மங்கீஸின் முதல் சீசனில் செலவைச் சுருக்கி எடுத்திருப்பது கண்ணுக்கே தெரியும். எதிர்காலம் என்றால் திரும்பத் திரும்ப அதே பாழடைந்த கட்டடம். சரி, இதோடு இந்தப் பேச்சை விட்டுவிடலாம்.

அடுத்தது யாரோடு இருந்து பார்ப்பது என்ற கேள்வி. நான் இருப்பது மட்டக்களப்பு கல்லடியில், மனைவி வீட்டில். எங்கள் பக்கத்தில் கலியாணம் கட்டினால் ஆண்பிள்ளைதானே பெண் வீட்டுக்குப் போவது. டிவி ஹாலில், ஹாலில் மாமி. வெஸ்ட்வேர்ல்டில் ரோபோக்களைத் துணியில்லாமல் இருத்தி வைத்து விசாரிப்பார்கள். அந்தக் காட்சி எங்கோ நடுவில் வருவதில்லை, தொடர் தொடங்குவதே அப்படித்தான். நான் ரிமோட்டைத் தேடி எடுப்பதற்குள் மாமி எழும்பிக் குசினிக்குப் போய்விட்டார். அதன் பிறகு அந்தத் தொடர் எங்களுக்கு அறைக்குள், லேப்டொப்பில், ஹெட்போனோடுதான். 12 மங்கீஸில் சூடும் குத்தும் ரத்தமும் தாராளமாக உண்டு, ஆனால் ஹாலில் ஓடவிடலாம்.

மாமிக்கு ஆங்கிலம் தெரியாது; நாங்கள் போட்டுக்கொள்ளும் சப்டைட்டிலும் ஆங்கிலம்தான். ஆனாலும் 12 மங்கீஸில் ஜெனிபர் கோயின்ஸ் என்ற பாத்திரம் திரையில் வந்தால் கைவேலையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். "இந்தப் பைத்தியக்காரப் புள்ளைக்குத்தான் கா எல்லாம் விளங்குது" என்று ஒரு நாள் மகளிடம் சொன்னார். அந்தப் பாத்திரத்தைப் பற்றி இதைவிடச் சரியாக ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அந்த ஜெனிபரை வைத்தே ஒரு சண்டை நடந்தது. படத்தில் அது ஜெஃப்ரி கோயின்ஸ் என்ற ஆண் பாத்திரம். பிராட் பிட் நடித்து, ஒஸ்கார் பரிந்துரை வரை போனார், கோல்டன் குளோப் வாங்கினார். தொடரில் அதைப் பெண்ணாக்கி எமிலி ஹாம்ப்ஷயரிடம் கொடுத்தார்கள். களுவாஞ்சிக்குடியில் இருக்கும் மச்சான், படத்தைத் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிறவன், முதல் இரண்டு மூன்று எபிசோடுக்கும் "பிராட் பிட் செய்ததை இவ செய்யிறதா?" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தான். இரண்டாவது சீசனில் ஜெனிபர் இல்லாத எபிசோட் வந்தால் அவனுக்கே பிடிக்கவில்லை. பிராட் பிட்டைப் பின்பற்றாமல் அந்த நடிகை தன் வழியில் போனதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

படத்தை நேசித்தவர்கள் தொடர்மேல் வைக்கும் பெரிய குற்றச்சாட்டு இது இல்லை. படத்தில் நடந்ததை மாற்ற முடியாது. 2035இலிருந்து கோல் என்ற நாயகனைப் பின்னுக்கு அனுப்புவது கொள்ளைநோயைத் தடுப்பதற்கல்ல, கிருமியைப் பற்றித் தகவல் எடுப்பதற்குத்தான். விமான நிலையத்தில் நிற்கும் அந்தச் சிறுவன் பார்ப்பது எதை என்று விளங்கும்போது நெஞ்சை அடைக்கும். தொடரில் ஜோன்ஸ் என்ற விஞ்ஞானி நோயையே இல்லாமல் ஆக்கத்தான் ஆளை அனுப்புகிறார். நடந்ததை மாற்றலாம் என்று முதல் எபிசோடிலேயே கோல் காட்டியும் விடுகிறான்: கதாநாயகி டொக்டர் ரெய்லியின் கைக்கடிகாரத்தில் ஒரு கீறல் போடுகிறான், எதிர்காலத்திலிருந்து அவன் கொண்டுவந்த அதே கடிகாரத்திலும் அந்தக் கீறல் தானாக விழுகிறது. மச்சான் இதைக் கண்டதும், "அப்ப படத்தின்ட உயிரையே எடுத்துப் போட்டானுகள்" என்றான்.

அவன் சொன்னது முதல் சீசனின் பாதி வரைக்கும் சரி. அதன் பிறகு தொடர் ஒரு கேள்வியைக் கேட்கத் தொடங்குகிறது, படத்துக்கு அதைக் கேட்க நேரமே இல்லை. நோய் வராமல் தடுத்தால், நோய்க்குப் பிறகு பிறந்தவர்கள் எங்கே போவார்கள்? அந்தப் பாழடைந்த உலகத்தில் பிள்ளை பெற்றுக்கொண்ட ஒரு தகப்பன், உலகத்தைக் காப்பாற்றும் திட்டத்துக்கே எதிராக நிற்கிறான். கூடப்பிறக்காத சகோதரன் மாதிரி இருந்தவனோடு மோதுகிறான். யார் பக்கம் நியாயம் என்று எங்கள் ஹாலில் முடிவாகவில்லை. மனைவி அந்தத் தகப்பன் பக்கம், நான் கோல் பக்கம். இந்த மாதிரிப் பிளவு வெஸ்ட்வேர்ல்ட் பார்க்கும்போது எங்களுக்குள் வரவில்லை, அங்கே வந்ததெல்லாம் "இது எப்ப நடக்குது?" என்ற கேள்விதான்.

வெஸ்ட்வேர்ல்டும் தன் படத்தை நன்றாகத்தான் புரட்டிப் போட்டது. படம் 88 நிமிடம். நாளுக்கு 1000 டொலர் கட்டிப் பூங்காவுக்குள் போகும் உல்லாசப் பயணிகளின் பக்கம் நின்று, துப்பாக்கியோடு துரத்தும் ரோபோவாக வரும் யூல் பிரைனரைப் பார்த்து நாம் பயப்படுவோம். தொடரில் ஜோனதன் நோலனும் லிசா ஜோயும் நம்மை ரோபோக்களின் பக்கம் நிறுத்தினார்கள். ஒவ்வொரு நாளும் கொல்லப்பட்டு, நினைவு துடைக்கப்பட்டு, மறுநாள் காலையில் அதே சிரிப்போடு எழும்பும் ஒருத்திக்குத் துடைத்தது திரும்ப நினைவு வந்தால் என்னவாகும்? அருமையான கேள்வி. முதல் சீசனின் பத்து எபிசோடும் அந்தக் கேள்வியில்தான் நிற்கின்றன.

ஆனால் நான் 12 மங்கீஸைச் சொல்வதற்குக் காரணம் இவை ஒன்றும் இல்லை. காரணம் ஒன்றே ஒன்று: அது முடிந்த கதை.

வெஸ்ட்வேர்ல்டின் நான்காவது சீசன் 2022 ஆகஸ்டில் முடிந்தது. ஐந்தாவதோடு கதையை முடிக்க வேண்டும் என்று படைத்தவர்கள் எண்ணியிருந்தார்கள். நவம்பரில் எச்பிஓ தொடரை நிறுத்தியது. டிசம்பரில், வந்திருந்த நான்கு சீசனையும் தங்கள் எச்பிஓ மேக்ஸ் தளத்திலிருந்தே தூக்கிவிட்டார்கள். முதல் சீசன் வந்தபோது எச்பிஓ அதைத் தலையில் வைத்து ஆடியது. ஆறு வருடத்தில் அதன் கதி இது. மற்றப் பக்கம், 12 மங்கீஸை எல்லாக் காலமும் கொஞ்சம் பேர்தான் பார்த்தார்கள். ஆனால் மூன்றாவது சீசன் ஒளிபரப்பாகும் முன்பே, நான்காவதோடு முடியும் என்று அறிவித்துவிட்டார்கள். தொடரைப் பொறுப்பாக நடத்திய டெரி மட்டாலஸும் அவருடைய எழுத்தாளர்களும் கடைசி எபிசோடை மனதில் வைத்து எழுத அவகாசம் கிடைத்தது. 2018 ஜூலையில், 47 எபிசோடோடு, கதை முடிந்தது.

இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்று கேட்கலாம். பார்ப்பதற்குப் போகும் நேரம் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். வெஸ்ட்வேர்ல்ட் 36 எபிசோட், ஒவ்வொன்றும் ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்ட. 12 மங்கீஸ் 47 என்றாலும் ஒவ்வொன்றும் முக்கால் மணித்தியாலத்துக்கும் குறைவு. ஏதோ ஒன்றுக்கு முப்பத்துச் சொச்சம் மணித்தியாலமும் அதற்கான டேட்டாவும் போகத்தான் போகிறது. மாத முடிவில் போனுக்கு ரீலோட் போட யோசிக்கிற வீட்டில், கதை பாதியில் நிற்கும் என்று தெரிந்தே அதைத் தொடங்க மனம் வருமா? எங்கள் ஊரில் கூத்துப் பார்க்க வருகிறவனுக்கு யார் வெல்வான், யார் சாவான் என்று வரும்போதே தெரியும். ஆனாலும் மங்களம் பாடும்வரை களரியைச் சுற்றி இருந்துதான் போவான். வெஸ்ட்வேர்ல்ட் நடுச்சாமத்தில் விளக்கை அணைத்த கூத்து.

காலப்பயணக் கதைக்கு முடிவு இன்னும் முக்கியம். முதல் எபிசோடில் போட்ட முடிச்சைக் கடைசியில் அவிழ்க்காவிட்டால், நடுவில் பார்த்ததெல்லாம் வீண். 12 மங்கீஸில் அவிழ்க்கிறார்கள். இரண்டாவது சீசனில் ஒரு காரணமும் இல்லாமல் வந்தது போலிருந்த ஒரு சின்ன வசனம் கடைசி எபிசோடில் தன் இடத்தில் வந்து உட்கார்ந்தபோது, மச்சான் நடு ஹாலில் எழும்பி நின்று கைதட்டினான். படத்தின் உயிரை எடுத்துவிட்டார்கள் என்று சொன்ன அதே ஆள். முடிவு என்ன என்று நான் சொல்லப் போவதில்லை.

அக்கரைப்பற்றுக் கூட்டாளியிடம் இதற்கு ஒரு பதில் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. "மச்சான், முதல் சீசனோட நிப்பாட்டு. அது பத்து எபிசோட்ல முழுசா முடிஞ்ச படம்டா" என்பான். உண்மைதான். அங்கே நிறுத்தினால் நல்ல முடிவும் கிடைக்கும், நான் சொன்ன குறை பாதி காணாமலும் போய்விடும். ஆனால் யார் நிறுத்துகிறார்கள்? அவனே நிறுத்தவில்லை. இரண்டாவது சீசன் பார்த்துக்கொண்டிருக்கும்போது எனக்குப் போன் எடுத்து, எது முன்னுக்கு நடக்குது, எது பின்னுக்கு நடக்குது என்று எழுத ஒரு கொப்பி வேண்டும் போல இருக்கிறது என்று சொன்னவன் அவன்தான். முதல் சீசனிலும் காலத்தை மறைத்து ஒரு விளையாட்டு விளையாடினார்கள். பார்த்தவர்கள் பூங்காவின் லோகோ இரண்டு விதமாக இருப்பதைக் கவனித்து, தொடர் சொல்வதற்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள். கண்டுபிடித்த பிறகும் அது சுவையாக இருந்தது. இரண்டாவதில் கண்டுபிடிக்கும் வேலை மட்டும் மிஞ்சியது.

வெஸ்ட்வேர்ல்டின் நான்காவது சீசனைப் பற்றி என் பேச்சைப் பெரிதாக எடுக்க வேண்டாம். அது வந்தது 2022 ஜூன் கடைசியில். நாங்கள் பெற்றோல் வரிசையிலும் கரண்ட் வெட்டிலும் இருந்த காலம். பாதியோடு விட்டேன், பிறகு தொடவில்லை. கடைசிக் காட்சியையே ஒரு முடிவாக எடுத்துக்கொள்ளலாம் என்று முழுதும் பார்த்த கூட்டாளி சொல்கிறான். இருக்கலாம்.

12 மங்கீஸிலும் ஓட்டை இல்லாமல் இல்லை. முதல் எபிசோடுகள் மந்தம். முதல் சீசனின் பாதியைத் தாண்டும்வரை பொறுமை வேண்டும். சிவப்புக் காடு, சாட்சி என்று பின்னால் வரும் மர்மங்களில் சிலது தேவைக்கு மேல் ஊதிப் பெருக்கப்பட்டவை. மூன்றாவது சீசனின் பத்து எபிசோடையும் சைஃபை மூன்றே இரவில் தொடர்ந்து ஒளிபரப்பியது; அதை அப்படியே சேர்த்துப் பார்ப்பதுதான் நல்லது. கிழமைக்கு ஒன்றாகப் பார்த்தால் யார் எந்த வருடத்தில் நிற்கிறார் என்பதே மறந்துபோகும்.

படத்தை முன்னுக்குப் பார்ப்பதா, பின்னுக்கா? நானும் மச்சானும் படத்தைப் பார்த்துவிட்டுத் தொடருக்கு வந்தவர்கள், மனைவி தொடரை முடித்துவிட்டுப் படத்துக்குப் போனவள். படத்தில் கோலாக வரும் புரூஸ் வில்லிஸைக் கண்டதும் "பாவம், இவருக்கு ஒருத்தருமே உதவி இல்லையே" என்றாள், படம் முடிந்ததும் "இவ்வளவுதானா?" என்றாள். இப்படி ஒருத்தியை வைத்துச் சட்டம் போட முடியாது, ஆனாலும் படத்தை முதலில் பார்ப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. நேரம் இருந்தால் அந்தப் படத்துக்கே மூலமான, கிறிஸ் மார்கர் 1962இல் எடுத்த 'லா ஜெட்டே'யையும் பார்க்கலாம். கிட்டத்தட்ட முழுக்க நிழற்படங்களால் ஆனது, 28 நிமிடம்தான். வெஸ்ட்வேர்ல்டுக்கு இந்தக் கவலை இல்லை, எப்போது பார்த்தாலும் ஒன்றுதான்.

அடுத்தது எது என்ற பேச்சு இப்போது நடக்கிறது. கூட்டாளி டெர்மினேட்டர் படங்களிலிருந்து வந்த 'சாரா கோனர் குரோனிக்கிள்ஸ்' என்றான். 2009இல் 31 எபிசோடோடு அந்தரத்தில் விட்ட தொடர் அது; வேண்டாம் என்றுவிட்டேன். மச்சான் சொல்வது 'ஸ்னோபியர்சர்'. 2013இல் போங் ஜூன்-ஹோ எடுத்த படம், 2020இல் தொடரானது. அதன் நான்காவது சீசனைப் படம் பிடித்து முடித்த பிறகும் டிஎன்டி சேனல் ஒளிபரப்பாமல் கைவிட்டது. ஏஎம்சி வாங்கி 2024இல் போட்டது. மொத்தம் 40 எபிசோட், முடிந்த கதை, ஓம் என்றுவிட்டேன். ஹாலில் போடலாமா, அறைக்குள் போடலாமா என்பதை மச்சான் முதல் எபிசோடைத் தனியாகப் பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும்.